மெத்தையைப் பார்க்கிறார்கள், ஆர்.சி. புக்கைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் கேம்பர் வேனில் ஊர் சுற்றுகிற குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. வேனுக்குள் கட்டில், சின்ன அடுப்பு, வால்பாறை போகிற வழியில் நிறுத்தி டீ போட்டுக் குடிக்கிற படம் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த வண்டியை என்றைக்காவது விற்க வேண்டி வந்தால் என்ன கதை என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நான் இப்போது அந்தக் கதைக்குள்தான் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். இது விளம்பரம் இல்லை, என் வண்டி எண்ணோ போன் எண்ணோ இதில் இருக்காது.

வீட்டில் அவங்களுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, வேன் படி ஏறி இறங்க முடியவில்லை, ஆகவே விற்கிறோம். வண்டி ஒரு ஃபோர்ஸ் டிராவலர். புதிதாக வாங்கும்போதே மோட்டார் கேரவன் கட்ட முறையான ஒப்புதல் வைத்திருந்த ஒரு பாடி கட்டும் நிறுவனத்திடம் உள்வேலையைச் செய்து, அவர்கள் கொடுத்த சான்றிதழோடு ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்தோம். ஆர்.சி.யில் 'கேம்பர் வேன், சொந்த உபயோகம்' என்றே இருக்கிறது. இதற்காகக் கூடுதல் பணமும் ஆனது, கூடுதல் காலமும் ஆனது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், விற்கப் போகும்போது இந்த ஒரு வரிக்குச் சந்தையில் ஐந்து பைசா மதிப்பு இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன், அது ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கடிதம்.

விற்பனைக்குப் போட்டதும் வருகிற போன்களில் பாதி நமக்குச் சம்பந்தமே இல்லாதவை. கேம்பர் என்று போட்டால் மஹிந்திரா பொலிரோ கேம்பர் என்று நினைத்துக்கொண்டு "அண்ணா, பின்னாடி எவ்வளவு லோடு ஏத்தலாம்" என்கிறார்கள், அது டபுள் கேபின் வைத்த பிக்கப் வண்டி. சரி, கேரவன் என்று மாற்றிப் போட்டால் "ஷூட்டிங்குக்கு நாள் வாடகைக்குக் கிடைக்குமா சார்" என்று வருகிறது. இவர்களை விடுங்கள். உண்மையில் வாங்க நினைத்து வருகிறவர்களும் கேட்பது கட்டில் ஆறடி இருக்குமா, டாய்லெட் இருக்கிறதா, டி.வி. எத்தனை இஞ்ச், ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடுமா என்பவைதான். மெத்தையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், கப்போர்டைத் திறந்து மூடுகிறார்கள், மனைவிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுகிறார்கள். ஆர்.சி.யை நானாக எடுத்து நீட்டினால் "அதெல்லாம் இருக்கும் சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு, இதே போல இன்னொரு வண்டி பாதி விலைக்கு வருகிறதே, நீங்கள் ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள் என்று பேரம் ஆரம்பிக்கிறது.

அந்தப் பாதி விலை வண்டி எது? பெரும்பாலும் டூரிஸ்ட் ஆபரேட்டரிடம் ஓடி ஓய்ந்த ஒரு டிராவலர், இல்லை டாடா விங்கர், சின்ன அளவில் என்றால் மாருதி ஈகோ. டெல்லியில் பத்து வருடத்துக்கு மேலான டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை அமல்படுத்தச் சொன்ன பிறகு அங்கிருந்து தெற்கே மலிவாக இறங்கிய வண்டிகளும் இதில் உண்டு. சீட்டைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குக் கப்போர்டு அடிக்கிற ஆசாரியை வைத்து பிளைவுட் அடித்து, மைக்கா ஒட்டி, எல்.இ.டி. பட்டை போட்டு, மேலே ஒரு சோலார் பேனல் மாட்டி, கேம்பர் வேன் என்று போட்டோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆர்.சி.யைப் பார்த்தால் 12 சீட், 13 சீட் ஆம்னி பஸ் (ஆர்.சி. மொழியில் பலர் உட்காரும் வண்டி) என்று அப்படியே இருக்கும். கழற்றிய சீட்டுகள் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும், வண்டியை ஆபீசில் காட்ட வேண்டிய நாளில் மட்டும் திரும்ப மாட்டுவதற்காக. இதை ஒரு புரோக்கர் என்னிடம் ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு வசதியாகச் சொன்னார். "சீட்டும் தர்றோம் சார், பயப்படாதீங்க."

பயப்பட வேண்டியதே அதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். கட்டில் ஒன்று, கூரையில் ஓட்டை போட்டு வைத்த ஃபேன் ஒன்று, ஜன்னல் ஒன்று என்று பிரேக் இன்ஸ்பெக்டர் எண்ண ஆரம்பித்தால் வண்டி வாங்கியவர் கதி என்ன? விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

ஆனால் சொந்த வண்டி, ஒயிட் போர்டு, வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடையாது, 15 வருடம் கழித்துத்தான் ஆர்.சி.யைப் புதுப்பிக்கக் கொண்டுபோக வேண்டும், அதுவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார்கள். உண்மைதான், பார்ப்பதில்லை. பார்க்கிற சந்தர்ப்பங்கள் எவை என்றால் ஒன்று விபத்து, இன்னொன்று விற்பனை. அதுவும் வெளிமாநிலத்துக்காரர் வாங்கினால் இங்கே என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கிக்கொண்டு போய் அங்கே புது எண்ணுக்கு வண்டியைக் காட்டியே ஆக வேண்டும். பெங்களூருக்காரர் ஆசையாக வாங்கிப் போய், லைஃப் டாக்ஸையும் கட்டிவிட்டு (கர்நாடகா அதிகம் வசூலிக்கிற மாநிலங்களில் ஒன்று), ஆய்வில் '13 சீட் எங்கே' என்று கேட்டால் என்ன செய்வார்? மொட்டை மாடி சீட் ஈரோட்டில் அல்லவா இருக்கிறது.

விபத்து என்றால் இன்னும் மோசம். ஆர்.சி.யில் உள்ளதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லாத வண்டிக்கு, மாற்றத்தைச் சொல்லாமல் எடுத்த பாலிசியில், நம் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை இன்சூரன்ஸ்காரர் தட்டிக் கழிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை, நாமே பிளைவுட்டில் அடித்துக் கொடுத்திருக்கிறோம். பக்கவாட்டில் போட்ட பெஞ்சில் பெல்ட் இல்லாமல் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, வண்டி ஓடும்போதே கட்டிலில் பாட்டியைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். விற்பனைக்கு வருகிற வண்டிகளில் நான் பார்த்த வரை, வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். வீட்டில் கதவு ஜன்னல் திறந்தால் போய்விடும். வேனில் தரை மட்டத்தில் வெளியே திறக்கிற துவாரம் வைக்காவிட்டால் எங்கே போகும்? பக்கத்திலேயே இன்வெர்ட்டர், அதன் பக்கத்தில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிற லெட் ஆசிட் பேட்டரி. அது தன் பங்குக்கு ஹைட்ரஜன் விடும். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். லக்னோவிலிருந்து வந்த பயணிகள், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டர், டீ போட அடுப்பைப் பற்றவைத்தது, ஒன்பது பேர் இறந்தார்கள். அது ஒரு ரயில் பெட்டி, அதற்கே அந்தக் கதி. நம் வேனில் வெளியேற ஒரு கதவு, அதுவும் பல வண்டிகளில் பாத்திரம் வைக்கிற அலமாரிக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கிறது.

நாங்கள் வைத்திருப்பது 5 கிலோ சின்ன சிலிண்டர், வெளியே மட்டும் திறக்கிற தனி அறையில். சமையல் பெரும்பாலும் வண்டிக்கு வெளியே, பாய் விரித்துத்தான். பார்க்க வந்த ஒருவர் "உள்ளேயே சமைக்க வசதி இல்லையா" என்று முகம் சுளித்துவிட்டுப் போனார். போகட்டும்.

அடுத்து எடை. 18 எம்.எம். பிளைவுட் எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்று ஏறத்தாழ 30 முதல் 35 கிலோ வரும். பத்து ஷீட் அடித்தால் 300 கிலோவுக்கு மேல் ஆயிற்று, அதுவும் ஆசாரி தன் வசதிக்கு ஒரே பக்கத்தில் அலமாரியாக அடுக்கியிருப்பார். 100 லிட்டர் தண்ணீர் டாங்க் என்றால் இன்னொரு 100 கிலோ. கழற்றிய சீட்டின் எடையும் ஏறாத ஆட்களின் எடையும் போக எவ்வளவு கூடியிருக்கிறது, எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று ஒரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வண்டி வாங்குகிறவர்களுக்கு இது எளிமையான சோதனை. எந்த ஊர் பைபாஸிலும் எடைமேடை இருக்கிறது, சில்லறைக் காசுதான் ஆகும். ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை, முழு வண்டி ஒரு தடவை. விற்கிறவர் வேண்டாம் என்றால் வண்டியை விட்டுவிடலாம். அப்புறம் பிளைவுட் எந்த ரகம் என்றும் கேளுங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை என்றால் ஈரம் தாங்கும், 303 என்றால் சாதாரண ரகம், கூரை ஃபேன் ஓரத்தில் ஒழுகினால் ஒரு ஐப்பசி மழை போதும், பிஸ்கட் மாதிரி ஊறிவிடும். மெத்தையைத் தூக்கி அடியில் முகர்ந்து பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரியும்.

ஏ.சி. ராத்திரி முழுக்க சோலாரில் ஓடும் என்று போட்டு விற்கிறார்களே, அதற்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 1,800 வாட் ஹவர், அதாவது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. லெட் ஆசிட் ரகத்தில் பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், ஆகவே கையில் இருப்பது 900. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது ஆயிரம் வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். ஒரு மணி நேரம் தாண்டாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், நல்லதுதான், ஆனாலும் ராத்திரி முழுக்க என்றால் அப்படிப்பட்டவை பல வேண்டும். கூரையில் 400 வாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை, இரண்டு யூனிட் கிடைக்கும். ஃபேன், விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் இதற்குத் தாராளம். ஏ.சி.க்கு ஜெனரேட்டர் வேண்டும், இல்லையேல் வண்டி நிற்கிற இடத்தில் கரண்ட் வேண்டும். இதைச் சொன்னதால் எனக்கு ஒரு பார்ட்டி கைவிட்டுப் போனது. சொல்லாமல் விற்றிருந்தால் ஒரு வாரத்தில் போன் பண்ணித் திட்டியிருப்பார், அது தேவையா?

இனி விற்கிறவர்களுக்கு. புரோக்கர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி கேட்பது, "29-லயும் 30-லயும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க சார், பேரு நாங்க மாத்திக்கிறோம், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்." பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29-உம் 30-உம் தேதி போடாமல், வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்தாகிக் கை மாறிக்கொண்டே போகும், வண்டி யார் யார் கையிலோ சுற்றும், ஆர்.சி.யில் நம் பெயர் அப்படியே இருக்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. அந்த வழக்கிலும் வண்டி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று போய்க்கொண்டே இருந்ததுதான். பெயர் மாற்றமே ஆகாத, ஆக முடியாத ஒரு கேம்பர் வேனைக் கையெழுத்து மட்டும் போட்டு விற்கிறவர், அது எங்கே யார் மேல் மோதுகிறது என்ற செய்திக்காகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சட்டப்படி அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும், வெளிமாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். லோன் இருந்தால் ஃபாரம் 35-ல் ஹெச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை, கேன்சல் பண்ணிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். இன்சூரன்ஸை வாங்கியவர் பெயருக்கு மாற்ற 14 நாள், ஆனால் நோ கிளெய்ம் போனஸ் நம்முடையது, வண்டியோடு போகாது, அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டாகை மறக்கவே கூடாது. அதை மூடாமல் வண்டியைக் கொடுத்தால் அவர் தனுஷ்கோடி போய்வரும் டோல் எல்லாம் நம் கணக்கில் கழியும். ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸுக்கு நம் பெயரில் வண்டியைப் பதிந்து வைத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாம். நிலுவையில் உள்ள சலான் எல்லாம் பரிவாகனில் (மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளம்) தெரியும், வாங்குபவர் முன்னாலேயே திறந்து காட்டிவிடலாம். இன்னொன்று, பழைய வண்டி விற்பனைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் ஜெய்சால்மர் கூட்டத்தில் முடிவானபோது வாட்ஸ்அப்பில் பெரிய பீதி கிளம்பியது, இன்றும் ஒரு புரோக்கர் அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்த்தார். அது ஜி.எஸ்.டி. பதிவு பெற்று வியாபாரம் செய்கிறவர்களுக்கு, அதுவும் லாபத்தின் மேல் மட்டும். சொந்த வண்டியை விற்கிற தனிநபருக்குப் பொருந்தாது.

விலை விஷயத்தில் விற்கிறவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேன் விலை, அதன் மேல் உள்வேலைச் செலவு முழுவதையும் கூட்டி அதிலிருந்து கொஞ்சம் கழித்து விலை சொல்கிறார்கள். வாங்க வருபவர் பழைய டிராவலர் என்ன விலை போகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். இரண்டு கணக்கும் சந்திப்பதே இல்லை. நாம் ஆசைப்பட்டு வைத்த சிவப்புத் திரைச்சீலைக்கும் குலதெய்வப் படம் மாட்டிய அலமாரிக்கும் அடுத்தவர் ஏன் காசு தர வேண்டும்? உள்வேலையில் பணம் திரும்பக் கிடைப்பது பேட்டரி, பேனல், ஃபிரிட்ஜ் மாதிரி கழற்றி எடுத்தால் தனியாகவும் விலை போகிற சாமான்களுக்குத்தான், மற்றது அனுபவித்த கணக்கு. நான் அப்படிக் கழித்துத்தான் விலை சொல்கிறேன். ஆனால் பதிவுக்கு ஆன செலவையும் கழி என்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு வரி இருப்பதால்தான் வாங்குகிறவர் பெயருக்கு வண்டி நேர்வழியில் மாறும், இன்சூரன்ஸ் நிற்கும், நாளைக்கு அவரும் விற்க முடியும்.

நியாயமாகச் சொன்னால், பாதி விலை வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பலர் ஆசையில் செய்தவர்கள், சிலர் என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கம் ஒரு தம்பி செய்திருந்த வயரிங்கைப் பார்த்தேன், ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ், பல புரி காப்பர் வயர், நீட்டாகக் கிளிப் அடித்து, என் வண்டியில்கூட அவ்வளவு சுத்தம் இல்லை. ஆனால் ஆர்.சி.யில் அது இன்னும் 12 சீட் ஆம்னி பஸ். ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் நேர்மையாகக் கேட்டிருக்கிறார், எந்த ஃபாரம், என்ன ஃபீஸ், யார் பார்ப்பார்கள் என்று. கவுன்டருக்குக் கவுன்டர் வேறு வேறு பதில் வந்திருக்கிறது, கடைசியில் "அப்படியே ஓட்டுங்க தம்பி, யாரு கேக்கப் போறாங்க" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அரசாங்கத்துக்கு இந்த வண்டியைப் பற்றித் தெரியாது என்றில்லை. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வண்டி வகைப் பட்டியலிலேயே சொந்த உபயோக கேம்பர் வேன் இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. 2019 திருத்தத்தில் 52-வது பிரிவின் கீழேயே, மாற்றங்களுக்கான விதிமுறைகளை மத்திய அரசு வகுக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். வண்டிகளைச் சோதித்து ஒப்புதல் தருகிற நிலையம் சென்னைக்குப் பக்கத்தில் நம் ஒரகடத்திலேயே இருக்கிறது, புனேவுக்குப் போக வேண்டியதில்லை. பஸ் பாடி கட்டுவதில் கரூரை நாடே அறியும். பக்கத்துக் கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை அறிவித்து, வாகமனில் கேரவன் பூங்காவும் வந்துவிட்டது. எல்லாம் இருக்கிறது, ஒரு தனிநபர் தன் பழைய வேனைச் செய்துகொண்டு போய் 'பார்த்துச் சொல்லுங்கள், சரியென்றால் எழுதிக் கொடுங்கள்' என்று நிற்பதற்கு ஒரு கவுன்டர்தான் இல்லை. ஒப்புதல் எல்லாம் மாடல் மாடலாகத் தயாரித்து விற்கிற நிறுவனங்களை மனதில் வைத்தே இருக்கிறது. ஒற்றை வண்டிக்காரர் அந்தச் செலவைத் தாங்க மாட்டார்.

வெளிநாட்டில் எல்லாம் சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. என் அக்கா மகன் இங்கிலாந்தில் ஒரு வேனை இப்படி மாற்றி வைத்திருக்கிறான். அங்கே லாக் புக்கில் (நம் ஆர்.சி. மாதிரி) 'மோட்டார் கேரவன்' என்று எழுதித் தர வேண்டும் என்றால் உள்ளே கட்டில் அடுப்பு இருந்தால் போதாது, வெளியிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டுமாம். ஒரு பக்கத்தில் குறைந்தது இரண்டு ஜன்னல், உள்பகுதிக்குத் தனிக் கதவு, பக்கவாட்டில் பந்தல் விரிக்கும் கம்பி, உயர்த்திய கூரை, பக்கத்தில் ஒட்டிய கேரவன் படம் என்று பட்டியல். அதனால் அவன் வண்டி 'ஜன்னல் வைத்த வேன்' என்றே கிடக்கிறது, அவனும் திட்டிக்கொண்டேதான் இருக்கிறான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிடப்பட்டிருக்கிறது, கிடைக்காவிட்டாலும் ஏன் கிடைக்கவில்லை என்று தெரிகிறது, பழைய வகையிலேயே இருந்தாலும் அதைக் கேம்பராக ஓட்டுவதோ விற்பதோ குற்றம் ஆகாது, கேம்பர் வேனுக்கான இன்சூரன்ஸும் கிடைக்கிறது.

எனவே போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது மன்னிப்புத் திட்டம் இல்லை. சிவப்பு சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைத்த வண்டியும் பெல்ட் இல்லாத பெஞ்சில் ஆறு பேரை ஏற்றுகிற வண்டியும் ஃபெயில் ஆகத்தான் வேண்டும். ஓடுகிற வண்டிகளுக்குத் தனித்தனியாக ஒரு ஆய்வு, மாவட்டத்துக்கு ஒரு இடத்திலாவது, மாதம் ஒரு நாளாவது வையுங்கள். எடை, கேஸ், வயரிங், ஓடும்போது உட்காரும் சீட்டும் பெல்ட்டும், அவசர வழி இவ்வளவையும் பார்த்தால் போதும், திரைச்சீலை என்ன கலர் என்று யாரும் கேட்க வேண்டாம். தேறினால் சீட் எண்ணிக்கையைக் குறைத்து, வகையை மாற்றி, வரி வித்தியாசம் இருந்தால் வாங்கிக்கொண்டு ஆர்.சி.யில் எழுதிக் கொடுங்கள். இதற்கு மத்திய விதியில் இடம் போதாது என்றால் டெல்லிக்கு எழுதிக் கேளுங்கள், சுற்றுலாத் துறையும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. அதுவரை என்ன ஃபாரம், எங்கே, எவ்வளவு என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து எல்லா ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவரிலும் ஒட்டலாமே, முடியாது என்றால் முடியாது என்றாவது ஒட்டட்டும். அந்தத் திருப்பூர்த் தம்பி அடுத்த வண்டிக்கு பிளைவுட் வாங்குவதற்கு முன் அதைப் படித்துவிட்டுப் போவார்.

வாங்க நினைக்கிறவர்கள், வண்டி எண்ணை முதலில் வாங்கி, வீட்டிலிருந்தே பரிவாகனில் போட்டு வகை, சீட் எண்ணிக்கை, பதிவு வருடம், எத்தனையாவது ஓனர், லோன் எல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம் பஸ் ஏறுங்கள். எண்ணைத் தர மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். என்னைத் தேடி வந்தவர்களில் ஓசூரிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும்தான் மெத்தையில் உட்காருவதற்கு முன் ஆர்.சி.யைக் கேட்டார். பேட்டரி பழசாகிவிட்டது என்பதைச் சொல்லி விலையையும் நியாயமாகவே குறைக்கச் சொன்னார், நானும் குறைத்தேன். வரும் வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போவதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஈரோடு.